எரியக் கூடாத மின்குமிழ்



அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாரை நாம் அறிவோம். தொண்டைமானின் ஆயுதச்சாலையில் வேல்கள் நெய் பூசப்பட்டு, அலங்காரத்தோடு காவலில் இருந்தன. அவற்றைப் புகழ்வது போலப் புகழ்ந்து, தன் அரசனின் வேல்களோ நுனி முரிந்து கொல்லன் பட்டறையிலே கிடக்கின்றன என்று ஔவை சொன்னதாகப் புறநானூறு காட்டுகிறது. அந்தப் பாட்டின் நயத்தைப் பலரும் பேசியுள்ளனர். நமக்கு இன்று வேண்டியது அதனுள் இருக்கும் ஒரு சாதாரண உண்மைதான். வேலின் நலத்தைக் கண்ணால் அறியலாம். துருப்பிடித்ததா, முனை மழுங்கியதா, காம்பு தளர்ந்ததா என்பதைக் கொல்லன் ஒரு பார்வையிலே சொல்லிவிடுவான்.

20ஆம் நூற்றாண்டில் இந்த நிலை மாறிற்று. போர் விமானத்தின் இறக்கைக்குக் கீழே தொங்கும் ஏவுகணையின் நலத்தைக் கண்ணால் அறிய முடியாது. விமானியின் விரலுக்கும் அந்த ஏவுகணைக்கும் இடையே ஆளிகள், கம்பிகள், செருகிகள் என நீண்டதொரு பாதை கிடக்கிறது. அப்பாதையில் ஓடுவது மின்சாரம். அது மணப்பதில்லை, ஒலிப்பதில்லை, நிறங்காட்டுவதுமில்லை. விசையை அழுத்தும்போது அது ஓடாமல் நின்றுவிடலாம். எவரும் அழுத்தாத வேளையில் தானாகவே ஓடியும் விடலாம். இந்த இரண்டையும் முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்காகப் பிறந்தவைதாம் கையிலே எடுத்துச் செல்லக்கூடிய ஆயுதப் பரிசோதனைக் கருவிகள். போர் வரலாற்று நூல்களில் இவற்றுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கப்படுவது அரிது. எனினும் நூற்றுக்கணக்கான உயிர்கள் இந்தச் சிறு பெட்டிகளோடு பிணைக்கப்பட்டிருந்தன என்பதே வரலாறு நமக்குச் சொல்லும் செய்தி.

இந்தக் கருவிகளில் மிக எளிமையானதை முதலில் நோக்குவோம். இறக்கையின் கீழுள்ள றொக்கற்றைப் பற்றவைப்பதற்குச் சிறிதளவு மின்னோட்டமே போதும். ஆகவே, றொக்கற்றின் செருகியை விமானத்தோடு இணைப்பதற்கு முன்னர், அந்த இணைப்பிடத்திலே வழிதவறிய மின்சாரம் ஏதும் வந்து நிற்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஆயுதப் பிரிவினர் ஒரு சிறு கருவியை அவ்விடத்திலே பொருத்துவர். அதில் ஒரு மின்குமிழ் இருக்கும். ஆளிகள் யாவும் நிறுத்தப்பட்டிருக்கையில் அந்தக் குமிழ் எரியக் கூடாது. எரிந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று பொருள். பின்னர் விமானியின் விசை அழுத்தப்படும்போது அதே குமிழ் எரிய வேண்டும். எரியாவிட்டால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. எரியக் கூடாத வேளையில் எரியாதிருப்பதும், எரிய வேண்டிய வேளையில் எரிவதும் ஆகிய இந்த இரண்டு வினாக்களுக்குள் முழுக் கலையும் அடங்கிவிடுகிறது.

வானொலி திருத்துபவர் பயன்படுத்தும் சாதாரண மின்மானியை வைத்து இதைச் செய்ய முடியாதா என்று கேட்கத் தோன்றும். செய்யலாம், ஆனால் அது ஆபத்தானது. தடையை அளப்பதற்காக அந்த மானிக்குள்ளே இருக்கும் மின்கலமே வெடிமருந்தைப் பற்றவைத்துவிடக் கூடும். கல் உடைக்கும் சுரங்கங்களிலே வெடி வைப்பவர்கள் இதை வெகுகாலத்துக்கு முன்பே உணர்ந்து, வெடியைப் பற்றவைக்க முடியாத அளவுக்கு மெலிந்த மின்னோட்டம் தரும் விசேட மின்கலத்தோடு தமக்கென ஒரு மானியை உருவாக்கிக்கொண்டனர். பரிசோதிக்கும் கருவியே விபத்தை உண்டாக்கலாகாது என்பது இத்துறையின் முதல் விதி.

இவ்வளவு கவனம் எதற்கு என்பதை 1961ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் திகதி நடந்த ஒரு சம்பவம் விளக்கும். அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் வானிலே பயிற்சியொன்று நடந்துகொண்டிருந்தது. பி-52 ரகக் குண்டுவீச்சு விமானமொன்று எதிரியின் பாத்திரத்தை ஏற்றிருந்தது. எவ்-100 ரகப் போர் விமானங்கள் இரண்டு அதைத் தாக்குவது போல மீண்டும் மீண்டும் நெருங்கிச் சென்றன. அவற்றில் பொருத்தப்பட்டிருந்தவை வெப்பத்தை நாடிச் செல்லும் உண்மையான சைட்வைண்டர் ஏவுகணைகள். ஏவுவதற்கான எண்ணம் எவருக்கும் இல்லை. விமானி விசையை அழுத்தவும் இல்லை. இருந்தும் ஓர் ஏவுகணை தானாகவே புறப்பட்டது. அதன் விமானி திகைத்துப் போய் வானொலியில் எச்சரித்தபோதும் காலம் கடந்துவிட்டது. பிரமாண்டமான அந்த விமானம் இறக்கை சிதைந்து வீழ்ந்தது. அதிலிருந்த எண்மரில் மூவர் மாண்டனர். விசாரணையின் முடிவிலே கண்டுபிடிக்கப்பட்ட காரணம் என்ன தெரியுமா? தேய்ந்துபோன ஒரு செருகியினுள்ளே படிந்திருந்த ஈரம். பயிற்சிக்கும் உண்மைத் தாக்குதலுக்கும் இடையே சில துளி நீர் மட்டுமே இருந்திருக்கிறது.

அடுத்த சம்பவம் இதைவிடப் பன்மடங்கு பெரியது. 1967 ஜூலை. வியட்நாம் யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். டொங்கின் வளைகுடாவிலே யூ.எஸ்.எஸ். பொரஸ்டல் என்ற விமானந்தாங்கிக் கப்பல் நின்றது. 1955இல் சேவைக்கு வந்த அந்தக் கப்பலில் 5,000 பேர் வரையில் இருந்தனர். ஜூலை 25ஆம் திகதி அது போரில் இறங்கிற்று. முதல் நான்கு நாட்களிலே அதன் விமானங்கள் ஏறத்தாழ 150 தடவைகள் வட வியட்நாமின் மீது பறந்து திரும்பின. ஐந்தாம் நாளாகிய ஜூலை 29ஆம் திகதி காலை, பதினொரு மணியை அண்டிய வேளை, அடுத்த தாக்குதலுக்காக விமானங்கள் பறப்புத்தளத்தின் பின்பகுதியிலே நெருக்கமாக நிறுத்தப்பட்டிருந்தன. எரிபொருள் நிரம்பியிருந்தது. குண்டுகள் தொங்கின. எஞ்சின்கள் இயங்கத் தொடங்கியிருந்தன.

அவ்விடத்தில் எவ்-4 பான்டம் விமானமொன்று இறக்கையின் கீழ் சூனி எனப்படும் 5 அங்குல விட்டமுள்ள றொக்கற்றுகளைத் தாங்கியிருந்தது. அதன் விமானி கப்பலின் மின் இணைப்பிலிருந்து விமானத்தின் சொந்த மின்பிறப்பாக்கிக்கு மாறினார். வழக்கமான செயல்தான். அந்த மாற்றத்தின்போது மின்சாரம் ஒரு கணம் துள்ளியது. ஒரு றொக்கற் சீறிப் புறப்பட்டுத் தளத்தைக் குறுக்கே கடந்து, எதிரே நின்ற ஏ-4 ஸ்கைஹோக் விமானமொன்றின் எரிபொருள் தாங்கியைக் கிழித்தது. றொக்கற் வெடிக்கவில்லை. ஆனால் தாங்கியிலிருந்து கொட்டிய எரிபொருள் பற்றிக்கொண்டது. தீ பரவிய ஸ்கைஹோக் விமானங்களுள் ஒன்றில் அமர்ந்திருந்தவர் ஜோன் மக்கெயின். பிற்காலத்தில் அமெரிக்க செனற்றராகவும் 2008இல் ஜனாதிபதி வேட்பாளராகவும் விளங்கியவர். விமானத்தின் மூக்கின் வழியாக ஊர்ந்து தீயினுள் குதித்து அவர் உயிர் தப்பினார்.

தீயைக் கண்டதும் முதலில் ஓடி வந்தவர்களுள் ஒருவர் தீயணைப்புப் பிரிவின் தலைவர் ஜெரால்ட் பரியர். பாதுகாப்பு உடையை அணியக்கூட அவர் தாமதிக்கவில்லை. தளத்திலே வீழ்ந்து தீயில் வெந்துகொண்டிருந்த குண்டொன்றைக் கையிலிருந்த சிறிய தீயணைப்பானால் குளிரச் செய்ய முயன்றார். அக்குண்டுகள் சில நிமிடங்களாவது தீயைத் தாங்கும் என்பதே அவர்கள் பெற்ற பயிற்சி. ஆனால் அன்று ஏற்றப்பட்டிருந்தவற்றுட் சில 1,000 இறாத்தல் எடையுள்ள பழைய குண்டுகள், முதல் நாள்தான் வேறொரு கப்பலிலிருந்து பெறப்பட்டவை, வெப்பத்தைப் பொறுக்காதவை. தீ தொடங்கி ஒன்றரை நிமிடம் கடந்த சில விநாடிகளிலே முதற் குண்டு வெடித்தது. பரியரும் பயிற்சி பெற்ற தீயணைப்பாளர்களிற் பெரும்பாலானோரும் அந்த வெடிப்பிலேயே வீழ்ந்தனர். அடுத்தடுத்து வெடித்த குண்டுகள் தளத்தைத் துளைத்தன. எரியும் எண்ணெய் அத்துளைகளின் வழியே கீழ்த்தட்டுகளுக்கு வழிந்தது. இரவு வேலை முடிந்து அங்கே உறங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்தெழவும் வாய்ப்பின்றி மாண்டனர். எஞ்சிய மாலுமிகள் தமக்குத் தெரிந்தவாறு தீயோடு போராடினர். ஒரு குழுவினர் நுரையைப் பரப்ப, வேறொரு குழுவினர் கடல்நீரைப் பாய்ச்சி அதைக் கழுவிவிட்ட அவலமும் நேர்ந்தது. மறுநாள் அதிகாலையிலேதான் கடைசித் தீயும் அடங்கிற்று. 134 பேர் இறந்தனர். 161 பேர் காயமுற்றனர். எதிரியின் ஒரு சன்னம்கூட அந்தக் கப்பலைத் தொடவில்லை.

இனி, நமது பொருளுக்கு வருவோம். இப்படியொரு விபத்தைத் தடுப்பதற்கு வழிமுறைகள் இருக்கவில்லையா? இருந்தன. ஒன்றல்ல, இரண்டு இருந்தன. முதலாவது, றொக்கற் தாங்கியிலே செருகப்படும் பாதுகாப்பு ஊசி. அது இருக்கும்வரை மின்சாரம் றொக்கற்றை அடையாது. இரண்டாவது, நாம் மேலே கண்ட செருகி. விமானம் புறப்படும் இடத்துக்குச் சென்று, முகம் கடலை நோக்கி இருக்கும்போது, வழிதவறிய மின்சாரம் இல்லையென்று பரிசோதித்த பின்னரே அதை இணைக்க வேண்டும் என்பது விதி. அந்த இடத்திலே றொக்கற் தவறிப் புறப்பட்டாலும் அது கடலிலே போய் விழும். விதியை எழுதியவர்கள் தீர்க்கமாகவே சிந்தித்திருந்தனர்.

ஆனால் புறப்படும் இடத்திலே செருகியை இணைப்பதால் நேரம் வீணாகிறது. ஒவ்வொரு விமானமும் அங்கே நின்றால் பின்னால் நிற்பவை தாமதமாகும். தாக்குதல்களின் எண்ணிக்கையைக் கொண்டே திறமை அளக்கப்பட்ட யுத்தம் அது. ஆகவே, தரிப்பிடத்தில் இருக்கும்போதே செருகியை இணைத்துவிடலாம் என்று கப்பலின் ஆயுத ஒருங்கிணைப்புக் குழு முன்னரே இணங்கியிருந்தது. கப்பலின் தளபதிக்கு அது அறிவிக்கப்படவில்லை. பாதுகாப்பு ஊசி இருக்கிறதே என்ற நம்பிக்கை அவர்களுக்கு. அந்த ஊசியோ, தளத்திலே வீசும் பலத்த காற்றில் கழன்றுவிடக்கூடியது. ஊசியை நம்பிச் செருகியைத் தளர்த்தினர், ஊசியும் கைவிட்டது. ஆயுதங்கள் பற்றிய வழிகாட்டு நூல்களும் நடைமுறைகளும் சகல மட்டங்களிலும் குறைபாடுள்ளனவாகவும் காலாவதியானவையாகவும் இருந்தன என்று விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

நேயர்களே, இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. ஒரு பரிசோதனை அது செய்யப்பட்ட கணத்துக்கு மட்டுமே சாட்சி சொல்லும். கப்பலின் மின்சாரத்தோடு நிற்கும்போது குமிழ் எரியாதிருக்கலாம். சொந்த மின்பிறப்பாக்கிக்கு மாறும் அந்த ஒரு கணத்திலே மின்சாரம் துள்ளினால் அதற்குக் குமிழ் என்ன செய்யும்? விநாடியின் சிறு கூறளவே நிலைக்கும் துள்ளலைச் சாதாரணக் குமிழ் காட்டவும் மாட்டாது. ஆகையினாற்றான் எப்போது, எங்கே, எந்த ஒழுங்கில் பரிசோதிக்க வேண்டும் என்பது கருவியின் தரத்துக்கு ஒப்பான முக்கியத்துவம் பெறுகிறது. ஒழுங்கை மாற்றினால், மிகச் சிறந்த கருவியும் வெறும் பெட்டியாகிவிடும். கருவி பழுதடைவதால் வரும் அபாயத்தைப் பார்க்கிலும், அவசரம் விதியைத் தின்றுவிடுவதால் வரும் அபாயம் பெரிது.

பொரஸ்டலின் பாடம் எவ்வளவு கடினமாகக் கற்கப்பட்டது என்பதற்கு இன்னுமொரு சான்று உண்டு. ஒன்றரை ஆண்டுக்குள், 1969 ஜனவரி 14ஆம் திகதி, ஹவாய்த் தீவுகளுக்கு அப்பால் எண்டர்பிறைஸ் என்ற கப்பலிலும் இதே சூனி றொக்கற் ஒன்று வெடித்தது. இம்முறை காரணம் மின்சாரமல்ல. விமான எஞ்சினை இயக்கும் வண்டியின் புகைபோக்கியிலிருந்து வந்த வெப்பம். 28 பேர் மாண்டனர். மின்சாரத்தைத் தேடும் கருவி வெப்பத்தைக் காணாது. கருவி கேட்கும் வினாவுக்கே அது விடை சொல்லும். கேட்காத வினாக்களை மனிதன்தான் கேட்டாக வேண்டும்.

இதுவரை எரியக் கூடாத குமிழைப் பற்றிப் பார்த்தோம். எரிய வேண்டிய வேளையில் எரியாத குமிழின் கதையும் அதே யுத்தத்திலேதான் இருக்கிறது. வட வியட்நாமின் மிக் விமானங்களை எதிர்த்து அமெரிக்கக் கடற்படை விமானிகள் ஏவிய ஸ்பரோ, சைட்வைண்டர் ஏவுகணைகள் பெரும் ஏமாற்றத்தைத் தந்தன. இதை ஆராயும் பொறுப்பு 1968இல் கப்டன் பிராங் ஓல்ட் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1965 ஜூன் முதல் 1968 செப்டெம்பர் வரையில் ஏவப்பட்ட ஏறத்தாழ 600 ஏவுகணைகளை அவரது குழு ஆராய்ந்தது. இலக்கைத் தாக்கி அழித்தவை பத்துக்கு ஒன்று என்ற அளவிலேயே இருந்தன.

ஓல்ட் குழுவின் சிறப்பு, அது குற்றத்தை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு ஓய்ந்துவிடவில்லை என்பதாகும். தொழிற்சாலையிலே பிறந்து, களஞ்சியத்திலே தங்கி, கப்பலேறி, இறக்கையிலே தொங்கி, ஏவப்படும் வரையிலான ஏவுகணையின் முழு வாழ்வையும் அது பின்தொடர்ந்தது. அந்த வாழ்வோ கடினமானது. உப்புக் காற்றும் வெப்பமண்டல ஈரமும் அதனைத் தாக்கும். ஏவப்படாத ஏவுகணை விமானத்தோடு திரும்பி வரும்; கப்பலின் தளத்திலே விமானம் மோதி இறங்கிக் கம்பியாற் பிடித்து நிறுத்தப்படும் ஒவ்வொரு தடவையும் ஏவுகணையின் நுண்ணிய உறுப்புகள் குலுங்கும். புறப்படும்போது நலமாயிருந்தது, பலமுறை பறந்து திரும்பிய பின்னரும் நலமாயிருக்கும் என்பது என்ன நிச்சயம்? பரிசோதனை, பராமரிப்பு, பயிற்சி, வடிவமைப்பு ஆகிய அனைத்தையும் தழுவி 242 விதப்புரைகளை அக்குழு முன்வைத்தது. அவற்றின் பயனாக 1969 மார்ச்சில் கலிபோர்னியாவின் மிரமார் தளத்திலே விமானிகளுக்கான விசேட பாடசாலை ஆரம்பமாயிற்று. டொப் கன் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற பாடசாலை அதுதான். 1986இல் அதைப் பற்றித் திரைப்படமும் வந்தது. விமானியைப் பற்றிப் படமெடுத்தார்கள். செருகியைத் துடைத்துப் பரிசோதித்த சிவப்புச் சட்டைத் தொழிலாளியைப் பற்றி எவரும் அப்படியொரு படமெடுக்கவில்லை.

பின்வந்த காலத்தில் பரிசோதனைக் கருவியின் தன்மையே மாறிவிட்டது. முன்பு ஒவ்வோர் ஆயுதத்துக்கும் தனித்தனிக் கம்பிகளும், அவற்றைச் சோதிக்கத் தனித்தனிப் பெட்டிகளும் வேண்டியிருந்தன. 1973இல் விமானத்தின் உறுப்புகள் ஒரே கம்பிச் சோடியின் ஊடாக இலக்க முறையில் செய்தி பரிமாறுவதற்கான அமெரிக்க இராணுவத் தரநிர்ணயம் வெளிவந்தது. 1981இல் விமானத்துக்கும் ஆயுதத்துக்கும் இடையிலான மின் இணைப்புக்கும் பொதுத் தரநிர்ணயம் வந்தது. ஆயுதம் இப்போது விமானத்தோடு உரையாடத் தொடங்கிவிட்டது. தான் யார் என்று சொல்கிறது. தன் நலத்தைத் தெரிவிக்கிறது. இலக்கைக் கேட்டுப் பெறுகிறது. இந்த உரையாடலை ஒரு மின்குமிழினால் எப்படிச் சோதிக்க முடியும்?

எனவே கருவியும் பேசக் கற்றுக்கொண்டது. இன்றைய கருவி ஒரு பயணப் பெட்டியளவிலோ, கையிலே பிடிக்கும் அளவிலோ இருக்கிறது. உள்ளே ஒரு சிறு கணனி. ஏவுகணை தொங்க வேண்டிய இடத்திலே அதைக் கம்பியால் இணைத்துவிடுவர். கூத்திலே ஒருவன் அரசனாக வேடமேற்பது போல, அது ஏவுகணையாக வேடமேற்கிறது. விமானம் அதை உண்மையான ஏவுகணை என்றே எண்ணிப் பேசும். அதுவும் ஏவுகணை பேசுவது போலவே மறுமொழி சொல்லும். விமானி விசையை அழுத்தினால், வந்து சேர்ந்த மின்சாரம் போதுமானதா, உரிய கணத்திலே வந்ததா என்று குறித்துக்கொள்ளும். கண்ணுக்கு அகப்படாத கணநேரத் துள்ளலையும் நினைவில் வைத்துக்கொள்ளும். வெடிமருந்து ஒரு துளியும் இல்லாமலே முழுத் தாக்குதலும் நடந்து முடிந்துவிடும்.

இத்தனை வளர்ந்த பின்னரும் பழைய சிக்கல் தீர்ந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. பழுதென்று கருவி காட்டிய உறுப்பைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு சென்றால், அங்கே அது நலமாயிருப்பதாகத் தெரிய வருவது இத்துறையின் தீராத தலையிடி. கருவி அடிக்கடி பொய் சொன்னால் தொழிலாளி அதை நம்ப மறுப்பான். நம்ப மறுத்தவன் ஒருநாள் அது சொல்லும் மெய்யையும் தள்ளிவிடுவான். அதற்கு மாறாக, பச்சை விளக்கு எரிந்துவிட்டது என்பதற்காகத் தன் கண்ணையும் காதையும் மூடிக்கொள்பவனும் உண்டு. பொரஸ்டலில் ஊசியை நம்பியவர்கள் இந்த இரண்டாவது வகையினரே.

நிறைவாக ஒன்று. இந்தக் கருவிகள் கேட்கும் வினாக்கள் இரண்டே என்றோம். கட்டளையிட்டால் ஆயுதம் புறப்படுமா? கட்டளையிடாவிட்டால் புறப்படாதிருக்குமா? இவ்விரண்டும் ஆயுதத்தை ஏந்தியவனின் பாதுகாப்புக்கான வினாக்கள். அது போய் விழும் இடத்திலே யார் இருக்கிறார்கள் என்ற மூன்றாவது வினாவைக் கேட்கும் கருவியை எந்தத் தொழிற்சாலையும் இதுவரை செய்யவில்லை. பொரஸ்டலின் தளத்திலே வெடித்த குண்டுகள் அன்று காலை வட வியட்நாமிலே எவர்மீதோ விழுவதற்காக ஏற்றப்பட்டவை. இறந்த மாலுமிகளின் பெயர்கள் வாஷிங்டனிலுள்ள வியட்நாம் நினைவுச் சுவரிலே பொறிக்கப்பட்டுள்ளன. அந்தச் சுவரில் வியட்நாமியர் பெயருக்கு இடமில்லை.

பொரஸ்டல் திருத்தப்பட்டு மீண்டும் கடலேறி 1993வரை சேவையில் இருந்தது. 2013இல் அமெரிக்கக் கடற்படை அதை உடைப்பதற்காக ஒரேயொரு சதத்துக்கு விற்றது. இன்று அந்தக் கப்பல் இல்லை. அதன் தளத்தை எரித்த நெருப்பின் படச்சுருளோ கடற்படையினருக்குப் பல்லாண்டுகளாகத் திரையிடப்பட்டு வந்தது. வேர்ஜீனியா மாநிலத்தின் நோர்போக் நகரிலுள்ள தீயணைப்புப் பயிற்சிப் பாடசாலைக்குப் பரியரின் பெயர் சூட்டப்பட்டது. கடலேறப் போகும் இளைஞர்களுக்கு அங்கே தீயை அணைக்கக் கற்பிக்கிறார்கள். அந்தத் தீ மூளாமல் இருப்பதற்கு, அதற்கு முன்னர் எவரோ ஒருவர் குனிந்து, ஒரு சிறு குமிழ் எரியாதிருப்பதைப் பொறுமையோடு பார்த்திருக்க வேண்டும்.